முப்புடாதிக்கு வந்த கோடிச் சேலை

உயிரோடு இருக்கிற பொம்பளைக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டவனை என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் பலவேசம். இருபத்தேழு வருஷம் திருநெல்வேலி–தென்காசி பஸ்ஸில் கண்டக்டர். ரிட்டயர் ஆனதும் ஒரு கேமரா வாங்கினேன். இந்த வயசில் கேமராவா என்று வீட்டில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆலங்குளத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சபியா டீச்சரிடம் ஞாயிறுதோறும் பாடம் கேட்கப் போனேன். டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு, என் மூத்த மகளைவிட ஒரு வயது இளையவர். இருந்தாலும் குரு குருதான். அவர் சொன்னதையெல்லாம் கேட்டேன், ஒன்றிரண்டைத் தவிர.

கேட்காமல் விட்டதில் ஒன்று இது. நெட்டில் போடும் படத்தைச் சின்னதாக்கிப் போடுங்கள், முழு சைஸில் போட்டால் எவனும் எடுத்துப் பத்தடிக்கு அடித்துக்கொள்வான் என்று படித்துப் படித்துச் சொன்னார். சின்னதாகப் போட்டால் என் மருமகன் வீட்டு டிவியில் மங்கலாகத் தெரிந்தது. அதனால் முழுசாகவே போட்டேன்.

அது முப்புடாதியக்கா படம். ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர். நான் வேலை பார்த்த காலம் முழுக்க என் பஸ் ஜன்னலுக்குக் கூடையைத் தூக்கிக் காட்டியவர். சித்திரை மாசம் ஒரு சாயங்காலம் நல்ல வெளிச்சம். "அக்கா" என்று கூப்பிட்டேன், சிரித்தபடி திரும்பினார், எடுத்துவிட்டேன். அதற்குள் மதுரை பஸ் வந்துவிட்டது. அவர் கூடையோடு அந்தப் பக்கம் ஓடினார், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கீழ் ஓரத்தில் 'பலவேசம் போட்டோகிராஃபி' என்று பெயர் போட்டு நெட்டில் என் பக்கத்தில் ஏற்றினேன். நாலாயிரம் பேர் லைக் போட்டார்கள்.

ஆடி மாசம் தென்காசியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்காரன் வாசலில் சாம்பிள் பேனர் ஒன்று மாட்டினான். மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே தோற்றம், மறைவு என்று வாய்க்கு வந்த தேதிகள், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் மாலை போட்டு முப்புடாதியக்கா. ஓரத்தை வெட்டி என் பெயரை எடுத்துவிட்டான், படுபாவி.

அந்த வழியாகப் போன யாரோ அதை போனில் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அக்காவின் தம்பி இசக்கி அதைப் பார்த்தான். அக்காவிடம் போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்தான், எடுக்கவில்லை. சாவு வீட்டுப் பக்கம் எவன் போன் எடுப்பான் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பூட்டிய ஜவுளிக்கடையைத் திறக்க வைத்து, பிறந்த வீட்டுக் கோடி என்று ஒரு சேலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். உடம்பை எடுப்பதற்குள் போய் அக்கா மேல் போர்த்திவிட வேண்டும். உடன்பிறந்தவனுக்கு அதைவிடப் பெரிய கடமை என்ன இருக்கிறது?

காலையில் ஆலங்குளத்தில் இறங்கினான். கையில் கோடிச் சேலை. எதிரே அக்கா வெள்ளரிப்பிஞ்சுக்கு மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருக்கிறார்.

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுததை பஸ் ஸ்டாண்டே பார்த்தது. அக்கா முதலில் சிரித்திருக்கிறார். போனில் படத்தைக் காட்டியதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்தான், மூன்று நாளாக வெளியே வரவில்லை. செத்தவள் கையால் எவன் வாங்கித் தின்பான் என்று கேட்டாராம். அவருக்கு அந்தக் கூடையை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

விஷயம் தெரிந்ததும் நான் தென்காசிக்கே போய் பேனரைப் பார்த்தேன். ஆதாரத்துக்கு நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு நேரே டீச்சரிடம் வந்து கத்தினேன். என் படத்தைத் திருடிவிட்டான், என் பெயரை வெட்டிவிட்டான், இவனை விடக் கூடாது என்று ஒரு பாட்டம் பேசித் தீர்த்தேன். டீச்சர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"பேனர் இன்னும் தொங்குதா?"

"தொங்குது."

"நாலு கோணத்துல படம் எடுத்துட்டு, அதை அப்படியே தொங்க விட்டுட்டு வந்தீங்களாக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் அதற்குள் லேப்டாப்பைப் பைக்குள் வைத்துவிட்டு, கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

தென்காசியில் அந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரன் அலட்டிக்கொள்ளவே இல்லை. நெட்டில் கிடந்தது, எடுத்தோம் என்றான். கிடந்ததாம். ரோட்டில் கிடந்த சில்லறையா அது? கேட்டு எடுத்தாயா, ஒரு வார்த்தை கேட்டாயா என்று நான் மேசையில் தட்டினேன். அவன் அதற்கும் அசரவில்லை.

"கோவப்படாதீங்க அண்ணாச்சி. வேணும்னா உங்க பேரை ஓரத்துல போட்டுருதேன். உங்களுக்கும் விளம்பரம்."

ஒரு நொடி. பொய் சொல்ல மாட்டேன், ஒரே ஒரு நொடி, எந்த ஓரத்தில் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று என் கண் பேனரைப் பார்த்தது. திரும்பினால் டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

அதன் பிறகு அவர்தான் பேசினார். கேமராவிலிருந்து வந்த மூலப் படத்தை லேப்டாப்பில் திறந்து காட்டினார். எடுத்த நாள், நேரம், கேமரா எண் எல்லாம் அதில் இருந்தது. வெட்டுவதற்கு முன்னால் இருந்த முழுப்படம் எங்களிடம்தான் இருக்கிறது, சைபர் கிரைமில் கொடுக்கப் புகாரும் எழுதியாகிவிட்டது என்றார். குரலை உயர்த்தவே இல்லை. கடைக்காரன் முகம் மாறியது. பேனரை இறக்கினான், கம்ப்யூட்டரில் இருந்ததை எங்கள் கண் முன்னாலேயே அழித்தான். அந்த அம்மா நல்லாயிருக்காங்க, தப்பு என்னுடையது என்று ஊர் குரூப்புக்கு அவன் குரலிலேயே பதிவு செய்து அனுப்ப வைத்தார். பேனரைச் சுருட்டிக் கையோடு வாங்கிக்கொண்டு வந்தோம்.

அப்படியும் அக்கா வெளியே வரவில்லை. பேனர் இறங்கினால் என்ன, விளக்கும் மாலையுமாக அந்தப் படம் எத்தனை போனில் இருக்கிறதோ.

அடுத்த ஞாயிறு நான் டீச்சரிடம் கேட்டேன்.

"இனிமே என் படத்தை எப்படி டீச்சர் காப்பாத்துறது?"

எப்படிப் போட்டால் வெட்ட முடியாது என்று நினைக்கிறீர்களோ அப்படிப் பெயரைப் போடுங்கள் என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். நான் தாடைக்குக் கீழே, குறுக்காக, பெரிய எழுத்தில் போட்டேன். அதைத் தாளில் பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு, பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"இதை அக்காகிட்ட கொடுத்துட்டு வாங்க."

போனேன். அக்கா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார். பேப்பரைப் பிரித்துப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். சிரிக்கிற தன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விரல் கீழே இறங்கி எழுத்தில் நின்றது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"இது என்ன கண்டக்டரே? நான் செத்த தேதியா?"

"இல்லக்கா. என் பேரு."

அவர் என் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"என் மூஞ்சிக்குக் கீழ உங்க பேரு எதுக்கு?"

நான் கண்டக்டர். கூட்ட நெரிசலில் அறுபது பேருக்கு வாயாலேயே பதில் சொன்னவன். அன்றைக்குச் சுற்றி வந்த பேப்பரை மடித்துக்கொண்டிருந்தேன். எப்போது எடுத்த படம் என்று கேட்டார். சித்திரையில் என்றேன். விரல் விட்டு எண்ணினார். இத்தனை மாசமாய் யார் யாரெல்லாம் பார்த்தார்கள் என்று கேட்டார். நாலாயிரம் பேர் என்று சொன்னேன். சித்திரையில் அதே எண்ணை நான் எத்தனை பேரிடம் சொல்லிப் பீற்றியிருக்கிறேன்.

"நாலாயிரம் பேருக்குக் காட்டியிருக்கீங்க. நான் என் படத்த முதல்ல பாத்தது, ரெண்டு பக்கமும் விளக்கு எரியிறப்பதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் போனை எடுத்து, அவர் பார்க்க, என் பக்கத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். லைக்கும் சேர்ந்து போயிற்று.

அக்கா எழுந்து உள்ளே போனார். போனவர் வரக் காணோம். கோபித்துக்கொண்டார் என்று நினைத்துக் கிளம்பப் போனேன். கதவு திறந்தது. பச்சைச் சேலை, மஞ்சள் கரை, மடிப்புக்கூடக் கலையவில்லை. இசக்கி கொண்டுவந்த கோடிச் சேலை. பிணத்துக்கு எடுத்ததை உயிரோடு கட்டிக்கொண்டு நிற்கிறார், இடுப்பில் வெள்ளரிக் கூடை.

"எடுங்க இப்போ. செத்தவ எப்படி இருக்கான்னு ஊரு பாக்கட்டும். அந்த ஊரு குரூப்புல போடுங்க. அதுல மட்டும் போடுங்க."

எடுத்தேன். அக்கா சிரிக்கவில்லை. கண்ணில் அப்படி ஒரு கோபம். அன்று சாயங்காலமே அந்தச் சேலையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார், அரை மணியில் கூடை காலி என்று கேள்விப்பட்டேன்.

நான் டீச்சரிடம் ஓடினேன். கம்ப்யூட்டரில் படம் பெரிதாக விரிந்தது. வாழ்நாளில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான். ஊர் குரூப்புக்கு அனுப்பியாகிவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. இதை என் பக்கத்தில் போட்டால் நாலாயிரம் என்ன, நாற்பதாயிரம் தாண்டும்.

"டீச்சர், இந்தத் தடவை சின்னதாத்தான் போடப் போறேன். பேரும் ஓரத்துல இல்ல, வெட்ட முடியாத இடத்துல. போடவா?"

டீச்சர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அக்கா எங்க போடச் சொன்னாங்க?"

"ஊர் குரூப்புல. அதுல மட்டும்."

"அப்புறம் எங்கிட்ட எதுக்குக் கேக்கீங்க அண்ணாச்சி?"