வளர்ச்சிக்காக, சார்

பன்னிரண்டாவது நேர்காணலிலும் மண்ணைக் கவ்விவிட்டு வந்த செண்பகமூர்த்தி, பதின்மூன்றாவதற்கு வந்திருந்த கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

“திங்கட்கிழமை நான் போகப்போறதில்லை, குருவே.”

குருவுக்கு வயது இருபத்தெட்டு. பெயர் ஃபர்சானா. மருந்துக்கடை மாடியில் நேர்காணல் பயிற்சி வகுப்பு நடத்துகிறாள். சீடருக்கு நாற்பத்து நான்கு. நூற்பாலையில் பதினெட்டு வருஷம் ஃபிட்டர். ஆலையை மூடி ஒரு வருஷமாகிறது. ‘குருவே’ என்று முதலில் அவர் கேலிக்குத்தான் கூப்பிட்டார். நாலாவது தோல்விக்குப் பிறகு அதில் கேலி போய்விட்டது.

அடுத்த மாதம் நாற்பத்தைந்து பிறக்கிறது. அப்புறம் எந்தக் கம்பெனியும் அவருக்குக் கடிதம் போடாது. இந்த பிஸ்கட் கம்பெனிதான் கடைசி.

“நீங்க எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாம சொன்னேன். எங்கேதான் குறை?”

ஃபர்சானா எழுந்து தன் நாற்காலியைக் காட்டினாள்.

“இதுல உட்காருங்கண்ணே.”

“அது உங்க இடமாச்சே.”

“உட்காருங்க.”

அவருடைய ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில், பூனை சுரண்டுவதுபோல் கதவு தட்டப்பட்டது. ஃபைலைக் கைக்குழந்தையாக நெஞ்சோடு அணைத்து, தொண்டையைச் செருமி, நாற்காலி நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தவளைப் பார்த்ததும் செண்பகமூர்த்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அச்சு அசல் அவரேதான்.

“குட் மார்னிங் சார். ஐ ஆம் எ டீம் பிளேயர் சார்.”

“நான் இன்னும் ஒண்ணும் கேட்கலையே!”

“சாரி சார்.”

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. பன்னிரண்டு அதிகாரிகளின் குரல்களும் தொண்டையில் தயாராக இருந்தன. முதலில், கார் சாவியால் காது குடைந்தவர். மூக்காலேயே கேட்டார்.

“சொல்லுங்க மிஸ்டர் மூர்த்தி. உங்க பலவீனம்?”

“ஓவரா உழைச்சிடுவேன் சார்.”

அடுத்தது, கொட்டாவிக்காரர். “அஞ்சு வருஷம் கழிச்சு... ஆஆவ்... எங்க இருப்பீங்க?”

“உங்க கம்பெனியோட உச்சியில சார்.”

“ஓடு மாத்தவா?”

இருவரும் சிரித்தார்கள். அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

மூன்றாவது, மூக்குக்கண்ணாடி அம்மாள். வெல்லப்பாகு குரல். “பழைய வேலையை ஏன் விட்டீங்க?”

“வளர்ச்சிக்காக, சார்.”

செண்பகமூர்த்தியின் சிரிப்பு பாதியில் நின்றது.

“வளர்ச்சியா?” இது எந்த அதிகாரியின் குரலும் இல்லை. “யோவ், மில்லை மூடிட்டாங்கய்யா. ஒவ்வொரு மிஷினா நிறுத்தினதே நான்தான். கடைசி மிஷின் நின்னதும் கூரையில புறா முனகுற சத்தம் கேட்டுச்சு. பதினெட்டு வருஷத்துல அன்னைக்குத்தான் முதல் தடவை. நின்ன மிஷினுக்கெல்லாம் எண்ணெய் விட்டுட்டு வெளியே வந்தேன். எதுக்குன்னு கேட்டா இன்னைக்கும் எனக்குத் தெரியாது.”

“அது எழுதிக் கொடுத்த பதில்ல இல்லை சார்,” என்றாள் ஃபர்சானா, இன்னும் அவர் குரலிலேயே.

“ஏன் இல்லை?”

“முதல் நாளே எழுதிட்டு வந்தேன் சார். பயிற்சி வகுப்பு மேடம் சிவப்புப் பேனாவால அடிச்சுட்டாங்க. கேட்கிறவங்களுக்குப் பரிதாபமா இருக்கும்னாங்க.”

மேசைமேல் கடிதம் மின்விசிறிக் காற்றில் துடித்துக்கொண்டிருந்தது. செண்பகமூர்த்தி அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

“சொல்லுங்க சார். இந்த ஆளை வேலைக்கு எடுப்பீங்களா?”

“மாட்டேன்.”

“நின்ன மிஷினுக்கு எண்ணெய் விட்ட ஆளை?” இப்போது அது அவளுடைய சொந்தக் குரல்.

அவர் தன் கையைப் பார்த்தார்.

“அவன்தான் ஒரு நேர்காணலுக்கும் வரலையேம்மா.”

ஃபர்சானா அந்த நாற்காலி நுனியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

“வந்தாருண்ணே. பன்னிரண்டு தடவையும் வந்தாரு. வாசல்லயே நிக்கச் சொன்னது நான்தான்.”