ரெண்டு கரைப் பாட்டு

ஒரு ஊர்ல ஒரு ஊரே கூடிப் பாடுமாம். நம்ம பக்கத்து ஊர் இல்லடி குட்டி, கடல் தாண்டி வேல்ஸ்னு ஒரு தேசம். அத்தை அங்க நர்ஸ் வேலை பாத்தேன்ல, ஊசி போடப் போன என்னையப் பிடிச்சு உக்கார வச்சு ஒரு கெழவி சொன்ன கதை இது. நீ "ம்" கொட்டணும், இல்லன்னா நிறுத்திருவேன்.

"ம்."

அந்த ஊர் பேரு போர்த் வென். வெல்ஷ் பாஷை பேசுறவங்க. ஹெர்ரிங்னு ஒரு மீனு, நம்ம மத்திக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்கும், அதைப் பிடிச்சுத்தான் பொழப்பு. ஞாயித்துக்கெழமையானா எல்லாரும் சர்ச்சுல பாடுவாங்க. எப்படிப் பாடுவாங்க தெரியுமா? பொம்பளைங்க மேல ஒரு ராகம், ஆம்பளைங்க கீழ வேற ராகம். ரெண்டும் சேந்து ஒரே பாட்டாயிடும்.

"சண்டை வராதா அத்தை?"

வராம? அதுக்குத்தான் எலிஸ்னு ஒரு பாட்டு வாத்தியார். தாளம் ஒரு இம்மி தப்பினாப் போதும், மனுஷன் வாரம் பூரா யாரோடயும் பேச மாட்டாரு.

அந்த ஊர்ல நெஸ்ட்னு ஒரு பொண்ணு. புதுசா கல்யாணமானவ. புருஷன் பேரு இவான். ஒருநாள் சாயங்காலம் எல்லாப் படகும் திரும்பிடுச்சு, இவான் படகு மட்டும் வரல. அப்போ பாத்து மூடுபனி பொசபொசன்னு எறங்கிடுச்சு. நீட்டின கை தெரியல. படகு உள்ள வர்ற வாய் நல்ல அகலந்தான், ஆனா ரெண்டு பக்கமும் தண்ணிக்கு அடியில பாறை. நட்ட நடுவுல வந்தாத்தான் உசுரு மிஞ்சும். தூரத்துல இவான் கொம்பு ஊதுறான். பூம்ம்... பூம்ம்... நெஸ்ட் படகுத்துறை நுனிக்கே போயி நின்னுட்டா.

"ம்..."

மொதல்ல தார் பீப்பாயக் கொளுத்தினாங்க. குபுகுபுன்னு எரிஞ்சுது, ஆனா பனி அதை முழுங்கிடுச்சு. அப்புறம் சர்ச்சு மணி அடிச்சாங்க. டங் டங்னு சத்தம் மலையில முட்டித் திரும்பி, எந்தப் பக்கம் அடிக்குதுன்னே தெரியல. கொம்புச் சத்தம் தள்ளித் தள்ளிப் போகுது. அப்போ யாரோ பாடலாம்னாங்க. எல்லாரும் படகுத்துறையில சர்ச்சுல நிக்கிற மாதிரியே வரிசையா நின்னு பாடினாங்க. கொம்பு கிட்ட வந்துச்சு. பூம்ம்! இன்னும் கிட்ட. அப்புறம் கர்ர்ர்னு ஒரு சத்தம். படகு பாறையில ஒரசுது!

"அய்யோ."

நெஸ்டுக்கு அப்பத்தான் வெளங்குச்சு. எல்லாரும் ஒரே கரையில நின்னு பாடினா, அவன் அந்தக் கரையப் பாத்துத்தானே வருவான்? பொம்பளைங்க எதிர்க்கரைக்குப் போயி நின்னு பாடுவோம்னா. வாத்தியார் என்ன சொன்னாரு தெரியுமா? நடுவுல அவ்ளோ தண்ணி இருந்தா பாட்டு முன்னபின்ன கேக்கும், தாளம் கெட்டுடும், கூடவே கூடாதுன்னாரு. அந்த மனுஷன நெனச்சா எனக்கு இப்பவும் கோவம் பொத்துக்கிட்டு வருது.

நெஸ்ட் சொன்னா, "தாளம் கெட்டா நாளைக்குச் சரி பண்ணிக்கலாம் ஐயா."

சொல்லிட்டுப் பாவாடையத் தூக்கிச் செருகிக்கிட்டு, கரையோரமாவே சுத்தி எதிர்க்கரைக்குக் குடுகுடுன்னு ஓடினா. பின்னாடியே எல்லாப் பொம்பளைங்களும். அந்தக் கரையில மேல் ராகம், இந்தக் கரையில கீழ் ராகம். கேக்கச் சகிக்கல. இவங்க ஒரு வார்த்தை முடிக்கையில அவங்க குரல் அப்பத்தான் வந்து சேருது. வாத்தியார் காதைப் பொத்திக்கிட்டாரு, ஆனா வாய் மட்டும் பாடிக்கிட்டே இருந்துச்சு.

"இவான்?"

இவானுக்கு அந்தப் பாட்டு தண்ணிபட்ட பாடு. பொம்பளைங்க குரல் பெருசாக் கேட்டா இந்தப் பக்கம் திருப்பினான். ஆம்பளைங்க குரல் பெருசானா அந்தப் பக்கம். ரெண்டும் சமமாக் கேக்குற எடத்தைப் பிடிச்சுக்கிட்டு, சளப் சளப்னு மெல்லத் துடுப்புப் போட்டு உள்ள வந்து சேந்துட்டான்.

நெஸ்ட் ஓடி வந்து அவன் சட்டையப் பிடிச்சுக்கிட்டா, விடவே இல்ல. அழுதா, நல்லா அழுதா. வாத்தியார் தலையக் குனிஞ்சுக்கிட்டு, பாட்டைக் கெடுத்துட்டோம் தம்பின்னாரு.

இவான் அவரை ஆச்சரியமாப் பாத்தான். "கெட்டுச்சா? நடுவுல எனக்கு ரெண்டு குரலும் ஒண்ணாத்தான் வந்துச்சு. இவ்ளோ நல்லா நீங்க பாடி நான் கேட்டதே இல்ல ஐயா."

குட்டி... "ம்" எங்கடி? சரி. படகும் வந்தாச்சு, பாட்டும் ஓஞ்சாச்சு. நீயும் தூங்கு.