மாசிலான் மாளிகையில் ஒரு மீன்கொத்தி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஏரிகளுக்குப் பேர் வைப்பதற்கும் முன்னால், ஓர் ஏரிக்கரையில் சாத்தப்பன் என்ற அண்ணனும் காத்தாயி என்ற தங்கையும் இருந்தார்கள். எந்த ஏரி என்று கேட்காதீர்கள். பேர் வைக்கவில்லை என்றுதானே சொன்னேன்.

ஒருநாள் மாசிலான் என்ற மந்திரவாதி அந்தப் பக்கம் வந்தான். அழுக்கென்றால் அவனுக்கு ஆகாது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் செருப்பு. கரையில் வழுக்கிச் சேற்றில் தொப்பென்று விழுந்தான். சாத்தப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மந்திரவாதி சொடக்குப் போட்டான். சாத்தப்பன் மீன்கொத்தி ஆகிவிட்டான். அதை மந்திரவாதி தங்கக் கூண்டில் அடைத்துத் தன் பளிங்கு மாளிகைக்குத் தூக்கிப் போனான்.

காத்தாயி விடுவாளா? பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணனை விடுங்க சாமி! இங்கே செத்துப்போகும்!"

"என் மாளிகையில் இல்லாதது உண்டா? வேண்டியதைக் கேள், தருகிறேன். என் வாய் 'முடியாது' என்று சொன்னால் என் மந்திரமெல்லாம் போகட்டும்!"

வாய்க்கொழுப்பு. வேறென்ன?

லட்டு வைத்தான். மீன்கொத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மீன் வேணும் சாமி."

சொடக்குப் போட்டான். வெள்ளிக் கிண்ணத்தில் மீன் வந்தது. கொஞ்ச நேரத்தில் வயிறு தெரிய மிதந்தது.

"செத்ததை எவன் தின்பான்?" என்றது மீன்கொத்தி. குரலே எழும்பவில்லை.

"மீன் பிழைக்கணும்னா ஏரித் தண்ணி வேணும், அதில பூச்சி புழு வேணும்" என்றாள் காத்தாயி.

சொடக்குப் போட்டான். கூடத்தில் பளிங்குத் தொட்டி. தண்ணீர், பூச்சி, புது மீன்கள். பூச்சிகள் பட்டினியில் செத்தன. அப்புறம் மீன்கள்.

"பூச்சி எதைத் தின்னும் சாமி? பாசி வேணும், கோரை வேணும்."

சொடக்குப் போட்டான். பாசியும் கோரையும் வந்தன, வேரைக் கழுவித் துடைத்து! பளிங்கில் வேர் எங்கே பிடிக்கும்? அழுகி நாறிற்று. மாசிலான் மூக்கைப் பிடித்துக்கொண்டான். கூண்டுக்குள் மீன்கொத்தி தலை சாய்ந்து கிடந்தது.

காத்தாயிக்கு அழுகை முட்டியது. அழவில்லை. யோசித்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி சாமி. கோரை அதிலதான் நிக்கும். மண்புழுவும் நத்தையும் அதிலதான் கிடக்கும்."

"சீக்கிரம் சொல்!"

"சேறு. இந்தக் கூடம் நிறைய. முழங்கால் ஆழத்துக்கு."

"சேறா? என் பளிங்கிலா? முடியாது! முடியவே முடியாது!"

அவ்வளவுதான். கூண்டு உடைந்தது, மாளிகை கரைந்தது. எல்லோரும் ஏரிக்கரையில் நின்றார்கள். மீன்கொத்தி இருந்த இடத்தில் சாத்தப்பன்!

"அண்ணே!"

"பசிக்குது புள்ள. மீன் மட்டும் வேண்டாம்."

மாசிலான் திகைத்து ஓரடி பின்வைத்தான். மறுபடியும் தொப்!

சாத்தப்பன் கை கொடுத்துத் தூக்கினான். சிரிக்கவில்லை. சரி, கொஞ்சம் சிரித்தான். மாசிலான் தன் வேட்டியைப் பார்த்தான். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கதை கரையேறியாச்சு. எழுந்து போய்க் காலைக் கழுவிக்கொண்டு சாப்பிடுங்கள். நீங்கள் சேற்றில் ஆடியது எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்களா?