துடைத்த ஆக்சில்

துறைமுகத்திலிருந்து மின்நிலையங்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றிப்போகும் கூட்டம் அது. பன்னிரண்டு பேர். வண்டிக்குப் பதினாறு ஆக்சில். பட்டை ஸ்பிரிங் எல்லாம் கிடையாது. ஒவ்வொரு ஆக்சிலும் எண்ணெய் அழுத்தத்தில்தான் நிற்கும்.

அந்த எண்ணெய்க்குப் பொறுப்பு ஜெசிந்தா. முப்பத்தாறு வயது. அவளிடம் வேலை பழகியவர்கள் அவளை ஆசான் என்றே கூப்பிடுவார்கள். தளவாயும் அப்படித்தான் கூப்பிட்டார். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல் இந்த வேலை பழக வந்தவர். ரோஷக்காரர்.

போன வாரம் வண்டிக்கடியில் ஈரத்தைப் பார்த்து, கசிவு என்று சொல்லி நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார். பார்த்தால் எவனோ வைத்த தண்ணீர் கேன் ஒழுகியிருக்கிறது. விடுவார்களா? அன்றிலிருந்து அவர் பெயர் சொட்டுநீலம். சாப்பிட உட்கார்ந்தால் சொட்டுநீலம், படுக்கப் போனால் சொட்டுநீலம். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். உள்ளே அவமானம் பிடுங்கித் தின்றது.

ஆற்றுப்பாலத்தைக் கடக்க வேண்டிய நாள். விடியற்காலையில் ஒன்பதாவது ஆக்சிலுக்கு எண்ணெய் போகும் ஹோஸ் குழாய் ஓரம் எண்ணெய் மினுங்கியது. நகக்கண் அளவுதான். தளவாய் சுற்றுமுற்றும் பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த துணியை உருவித் துடைத்தார்.

எல்லாம் சரியா என்று ஜெசிந்தா கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டார்.

பாலம் பழசு. இரண்டு பக்கமும் போலீஸ் போக்குவரத்தை மறித்திருந்தது. நூற்றிருபது டன் பாலத்தில் ஏறியது. எறும்பு அதைவிட வேகமாகப் போகும். இடப்பக்கம் சக்கரத்துக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே நாலு பேர் கட்டையும் கையுமாக நடந்தார்கள். தளவாய் அதில் ஒருவர். ஜெசிந்தா பின்னால், கண் ரசமட்டத்தின் குமிழியில்.

பாலத்தின் பாதியில் குமிழி ஒரு நூல் நகர்ந்தது. கையைத் தூக்கினாள். வண்டி நின்றது.

பாலத்துக்குப் பொறுப்பான இன்ஜினியர் ஓடி வந்தார். இங்கே நிற்கவே கூடாது, பாலம் தாங்காது, எடுங்கள் என்று கத்தினார். ஜெசிந்தா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. குமிழி இன்னொரு நூல் நகர்ந்தது. பாரம் இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்தால் முதலில் அந்த நாலு பேர், பிறகு சுவர், பிறகு ஆறு.

நாலு பேரையும் வெளியே வரச் சொன்னாள். மூன்று பேர் வந்தார்கள்.

தளவாய் மட்டும் வரவில்லை.  சக்கரத்தைக் கை காட்டினார்.

"ஒன்பதாவது ஆக்சில், ஆசான். ஹோஸ்."

 அடியில் கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். ஜெசிந்தா குனிந்து உள்ளே போனாள். தளவாய் அவளுக்கு முன்னால் ஊர்ந்து, எங்கே கசிகிறது என்று ஹோஸைத் தடவிப் பார்க்கக் கையை நீட்டினார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பிடித்த இடம் வலித்தது.

"சின்னக் கசிவுதான், ஆசான்."

அவள் பிஸ்கட் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து ஹோஸுக்கு நேரே பிடித்தாள். கண்ணுக்கே தெரியாத எண்ணெய்ப் பீச்சல் அட்டையில் சர்ரென்று கோடு கிழித்தது. அட்டை இரண்டாகத் தொங்கியது. அதைத் தளவாயின் சட்டைப்பைக்குள் செருகினாள்.

ஒன்பதாவதின் வால்வை மூடினார்கள். அதன் சக்கரங்களைச் சங்கிலி போட்டுத் தூக்கிக் கட்டினார்கள். மற்ற பதினைந்துக்கும் எண்ணெய் ஏற்றி மட்டம் பார்த்தாள். குமிழி அசைந்து அசைந்து நடுவுக்கு வந்தது. கட்டைகளை உருவினார்கள். வண்டி முனகியது, நகர்ந்தது. அக்கரை சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. 

அக்கரையில் எல்லோரும் டீக்கடைக்குப் போனார்கள். யாரும் சொட்டுநீலம் என்று கூப்பிடவில்லை. அதுதான் தளவாய்க்கு இன்னும் சுட்டது. வண்டி ஓரமாகவே நின்றார். ஜெசிந்தா இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள்.

காலையிலேயே கசிவைப் பார்த்ததையும் துடைத்ததையும் தளவாய் சொன்னார். நாலு பேர் உயிரோடு விளையாடிவிட்டேன், என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். பஸ் ஓட்டியபோது ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்றார்.

"நானும் காலையில பார்த்தேன்," என்றாள் ஜெசிந்தா. "பதினஞ்சு ஆக்சில்ல தூசி. ஒன்னு மட்டும் பளபளன்னு இருந்துச்சு. அண்ணாச்சி நல்லா வேலை செய்றாருன்னு நெனச்சுக்கிட்டேன். ஏன்னு கேக்கல."

"சொன்னா மறுபடியும் சிரிப்பாங்கன்னு..."

"போன வாரம் நானும்தான் சிரிச்சேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. தளவாய் குடிக்கவில்லை.

"என்னை என்ன செய்யப் போறீங்க, ஆசான்?"

"ஒன்பதாவதை என்ன செஞ்சோம்?"

"மூடித் தூக்கிக் கட்டினோம்."

"அது தாங்கின பாரம்?"

"மத்த பதினஞ்சும் பங்கு போட்டு எடுத்துக்கிச்சு."

ஜெசிந்தா டீக்கடைப் பக்கம் பார்த்தாள்.

"காலையில சொல்லியிருந்தா பங்கு போட்டுக்க நாங்க பதினொரு பேர் இருந்தோமே, அண்ணாச்சி."