பச்சைச் சட்டையின் விளைச்சல்

மாடத்தியின் உளுந்து மொத்தமும் மழையில்லாமல் கருகிப்போனது. பிந்தி வந்த மழையில் கோரைக் களைதான் கொழுத்து நின்றது. நிவாரணம் கேட்டு எழுதிக் கொடுத்தாள். பார்வையிட அதிகாரி கோமதிநாயகம் வந்தார். குனிந்து ஒரு செடியைத் தொட்டால் படித்த படிப்பு என்ன ஆவது? வரப்பில் நின்றபடியே செல்போனை வயலுக்கு நேராகப் பிடித்து ஒரு படம் எடுத்தார்.

"பச்சை தொண்ணூறு சதவீதம். பயிர் அமோகம்" என்றது செல்போன்.

"நிவாரணம் கிடையாது" என்றார் அவர்.

"அய்யா, அது பூராவும் கோரை."

"படத்துல இருக்கிற பச்சையை அளந்து சொல்ற மெஷின்மா இது. உன்னை மாதிரி பொய் சொல்லாது. தப்புன்னா நிரூபி, பார்ப்போம்."

"அப்ப நானும் ஒரு படம் எடுக்கட்டுமாய்யா?"

பெருந்தன்மையோடு செல்போனை நீட்டினார். வாங்கிய மாடத்தி, பச்சை சஃபாரிச் சட்டைக்குள் பிதுங்கிய அவருடைய தொப்பைக்கு நேராகப் பிடித்து அமுக்கினாள்.

"பச்சை தொண்ணூற்றெட்டு சதவீதம். பயிர் அமோகம்" என்று ஊரே கேட்கச் சொன்னது செல்போன்.

மாடத்தி இடுப்பில் செருகியிருந்த அரிவாளை உருவினாள்.

"மெஷின்தான் பொய் சொல்லாதேய்யா. என்னைக்கு அறுக்கலாம்?"

கோமதிநாயகம் வயலுக்குள் இறங்கி, குனிந்து, முதல் தடவையாக ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார். கோரை.