சட்டிக்குள் தலைகீழாக நின்ற ராஜா

முதலில் எனக்கு அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லிவிடுகிறேன். மேலத்தெரு சொர்ணமுத்து. மகள் கல்யாணத்துக்கு என் செம்பு அண்டாவை இரவல் வாங்கிப் போனான். திருப்பித் தரும்போது உள்ளே இருந்த ஈயப்பூச்சு முழுக்கப் போகும்படி செங்கல்பொடி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து, "பளபளன்னு ஆக்கிட்டேன் பாருங்கண்ணே" என்று பல்லைக் காட்டினான். இந்தக் கதை அவனுக்காகத்தான். மற்றவர்களும் கேட்கலாம்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெள்ளாற்று நாட்டை சுந்தரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். பேருக்கு ஏற்ற மாதிரி தன் அழகில் அவருக்கு அபார நம்பிக்கை. தண்ணீர்த் தொட்டியைக் கண்டால் குனிவார், வாளை உருவினால் அதில் மீசையைப் பார்ப்பார். எதிரி வந்து காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அரண்மனைச் சமையலுக்குத் தலைவி அங்கம்மாள். அவள் வைக்கும் புளிரசத்துக்கு ராஜா அடிமை. அவளை வேலைக்குச் சேர்த்தவர் மந்திரி அம்பலவாணர். ராஜா ரசத்தைப் புகழும்போதெல்லாம் மந்திரிக்கும் ஒரு பாராட்டு போய்ச் சேரும். அது கருவூல அதிகாரி வரதுங்கருக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் அவர் சமையற்கட்டுக்குள் நுழைந்து ஒரு பெரிய செம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வெளியே செக்கச்சிவப்பு, உள்ளே வெளுப்பாக ஈயம். நேரே சபைக்கு ஓடினார்.

"மகாராஜா! உங்கள் செம்புக்குள் அந்தப் பொம்பளை மட்டமான வெள்ளை உலோகத்தைப் பூசி வைத்திருக்கிறாள். வெளியே ராஜா வீட்டுச் சட்டி, உள்ளே பிச்சைக்காரன் சட்டி!"

"என் செம்பை மறைத்தாளா? தேய்த்து எடும்!" என்றார் ராஜா.

சாயங்காலமே வரதுங்கர் நாலு ஆட்களைப் பிடித்து, செங்கல்பொடியும் புளியும் போட்டு உள்ளும் புறமும் தேய்க்கவைத்தார். மறுநாள் அங்கம்மாளையும் வரவழைத்து, சட்டியைச் சபைக்குக் கொண்டுவந்தபோது எல்லோருக்கும் கண் கூசியது. ராஜா அதன் வெளிப்பக்கத்தில் முகம் பார்த்தார். அகலமான மார்பு, சூரியன் மாதிரி சிவந்த முகம், மேல்நோக்கி முறுக்கிய மீசை.

"ஆகா! இத்தனை நாள் இந்த அழகைச் சமையற்கட்டில் பூட்டி வைத்தாளே! அங்கம்மா, பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போய்விடு."

அங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "போறேன் மகாராஜா. ஆனா அந்தச் சட்டியிலே புளி கரைச்சு ஊத்திடாதீங்க. ஈயம் போன செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். அதைச் சாப்பிட்டா குடலே வெளியே வந்துரும்."

"பார்த்தீர்களா, போகிற நேரத்திலும் சாபம் விடுகிறாள்!" என்றார் வரதுங்கர்.

களிம்பு, குடல் என்றெல்லாம் சொன்னால் இந்த ராஜாவுக்கு ஏறாது என்று அம்பலவாணருக்குத் தெரியும். மெல்ல எழுந்து சட்டியைச் சுற்றி வந்தார்.

"வரதுங்கரே, அற்புதமான வேலை. வெளியை மட்டும் மகாராஜாவுக்குக் காட்டினால் எப்படி? நீர் பாடுபட்டது உள்ளே அல்லவா?"

வரதுங்கர் பூரித்துப்போனார். "ஆமாம் மகாராஜா, உள்ளே இன்னும் பிரமாதம். பாருங்கள்!" என்று அவரே சட்டியைத் தூக்கிப் பிடித்தார்.

ராஜா ஆசையாகக் குனிந்தார். குனிந்தவர் அலறிவிட்டார். சட்டிக்குள் கிரீடம் கீழே இருந்தது, தாடை மேலே இருந்தது. முறுக்கிய மீசை இரண்டு பக்கமும் தொங்கியது.

"யாரடா என்னைத் தலைகீழாகத் தொங்கவிட்டது?"

வரதுங்கர் பதறிப்போய்த் தானும் எட்டிப் பார்த்தார். அவரும் தலைகீழாகத்தான் நின்றார்.

"நானில்லை மகாராஜா, சட்டி..."

"சட்டிக்குக் கையா இருக்கிறது? தேய்த்தது நீர்தானே!"

அம்பலவாணர் பணிவாகச் சொன்னார்: "குழிந்த இடத்தை இப்படித் தேய்த்தால் யார் முகமும் கவிழ்ந்துதான் தெரியும் மகாராஜா. ஈயம் இருந்தவரை இந்த அவமானம் உங்களுக்கு வந்ததா? அங்கம்மாள் ஈயம் பூசிக் காத்தது உங்கள் மானத்தை. உங்கள் வயிற்றையும்தான். நேற்றுத் தேய்த்த புளிச்சக்கை ஓரத்தில் ஒட்டியிருக்கிறது, நிறத்தைப் பாருங்கள்."

அங்கம்மாள் அதைக் கிள்ளி எடுத்து நீட்டினாள். பச்சைப் பசேல் என்றிருந்தது.

"வரதுங்கரே, இந்தச் சட்டியில் ரசம் வைக்கச் சொல்லட்டுமா? முதல் குவளை உமக்குத்தான்" என்றார் ராஜா.

"எனக்கு... இன்றைக்கு விரதம் மகாராஜா."

சபை சிரித்த சிரிப்பில் ராஜாவுக்கும் கோபம் பறந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மந்திரி, இந்தத் தலைகீழ் ரகசியம் உமக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார்.

"எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது நான்தான் மகாராஜா. கரண்டிக் குழியில் தினமும் கவிழ்ந்து கிடக்கிறேன். ஒருநாள் ஈயச் சட்டிக்குள் செங்கல்பொடியைக் கொண்டுபோனேன். 'வெளியே புளியும் சாம்பலும் போட்டு எவ்வளவு வேணா தேய்ங்க, உள்ளே கைவெச்சா உங்களுக்குச் சோறு கிடையாது' என்றாள் என் சம்சாரம். அதற்குப் பிறகு மறப்பேனா?"

ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றினார். "இது உமக்கில்லை, உம்ம சம்சாரத்துக்கு. உமக்கு நாளைக்கு என் பக்கத்தில் இலை." அங்கம்மாளுக்கு இரண்டு பசுவும், அடுப்படியில் அவள் சொல்வதே சட்டம் என்ற உத்தரவும் கிடைத்தன. அவள் அங்கேயே முதல் சட்டம் போட்டாள்: "ஈயம் பூசின பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் ஏத்தக் கூடாது, உருகிடும். மரக்கரண்டியாலதான் கிண்டணும். கருவூலக்காரங்க உள்ளே வரக் கூடாது."

வரதுங்கருக்கோ ஈயம் பூசுகிறவன் பட்டறையில் வேலை. செம்பு காயக் காய அவர்தான் துருத்தி ஊதினார். ஈயம் ஒட்டுவதற்காகத் தூவிய நவச்சாரத்தின் புகை மூக்கில் ஏறி இருமினார், தும்மினார். உருகிய ஈயத்தைத் துணியால் தானே இழுத்துப் பூசினார். கடைசியில் அந்தச் சட்டிக்குள் எட்டிப் பார்த்த ராஜாவுக்கு வெறும் வெளுப்புதான் தெரிந்தது. "இப்போதுதான் அழகாக இருக்கிறேன்" என்றாராம். அன்று ராத்திரி மூன்று குவளை ரசம் குடித்தார்.

அவ்வளவு கெட்ட வரதுங்கரே தான் சுரண்டிய சட்டிக்குத் தானே ஈயம் பூசிக் கொடுத்துவிட்டார். சொர்ணமுத்துவின் மகளுக்குக் குழந்தை பிறந்து, அதற்குக் காதும் குத்தியாயிற்று. என் அண்டா இன்னும் ஈயம் இல்லாமல் கொல்லையில் கவிழ்ந்தேதான் கிடக்கிறது.