மூன்றாவது போர்வை

மலை இப்போது இருக்கிற இடத்தில்தான் அப்போதும் இருந்தது. குளிர் மட்டும் ஒரு பிடி கூடுதலாக இருந்தது. அப்படியொரு காலத்தில், அந்த மலையடிவாரத்து ஊரில் வெள்ளைத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். பாதியில் நின்றுபோன ஒட்டுப்போர்வைகளை முடித்துக் கொடுப்பது அவள் தொழில். யார் யாரோ பழஞ்சேலைத் துண்டுகளை ஆசையாக ஒட்டியிருப்பார்கள். கண் மங்கியோ, காலம் முடிந்தோ விட்டுப் போயிருப்பார்கள். அவள் அதற்குள் பஞ்சு பரப்பி, அடித்துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்து, விளிம்பு கட்டுவாள்.

அவளிடம் தொழில் பழகியவர் சவரிமுத்து. முப்பது வருஷம் சட்டை தைத்த கை. அவளைவிட இருபது வயது மூத்தவர். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளைக் கேலிக்கு வாத்தியாரம்மா என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது.

ஒருநாள் பொழுது சாயும்போது சவரிமுத்து மூன்று போர்வைகளை முடித்து மடித்து வைத்தார். ஒன்று அவர் பேத்திக்கு. ஒன்று, ஒரு வீட்டுக்காரர் கொடுத்த பழைய கல்யாணச்சேலைப் போர்வை. மூன்றாவது, பெற்றவர் இல்லாத பிள்ளைகள் இருக்கும் இல்லத்துக்குத் தர்மமாகப் போவது.

"வாத்தியாரம்மா, ஒண்ணு சொந்தத்துக்கு, ஒண்ணு கூலிக்கு, ஒண்ணு தர்மத்துக்கு. மூணுக்கும் கை ஒரே மாதிரி ஓடுமா?"

"உங்களுக்கு எப்படி ஓடுச்சு?"

"பேத்திக்குன்னா நெருக்கமா ஓடுது. பொய் சொல்வானேன்."

"சரி, ஊசியை எண்ணுங்க."

அது அந்த வீட்டு வழக்கம். காலையில் எடுத்த ஏழு ஊசியும் திரும்பித் துணிப்பந்தில் குத்தி நிற்காமல் எந்தப் போர்வையும் வாசல் தாண்டாது. பஞ்சுக்குள் போன ஊசி வெளியே தெரியாது. படுக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

சவரிமுத்து எண்ணினார். ஆறு. திரும்பவும் எண்ணினார். ஆறுதான்.

அந்த நேரம் பார்த்து அவர் மகள் சீலி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னப்பா, முடிஞ்சுதா? நீங்க தைக்கிற வேகத்துக்கு இவ கல்யாணத்துக்குத்தான் போர்த்திக்குவா போல."

"கொஞ்சம் பொறுடி."

பேத்தியின் போர்வையை விரித்தார். காய்த்துப்போன கையை நம்பாமல், கன்னத்தை வைத்துக் கட்டம் கட்டமாகத் தேய்த்துப் பார்த்தார். இல்லை. கல்யாணச்சேலைப் போர்வையை உள்ளங்கையால் அழுத்தித் தடவினார். அதிலும் இல்லை. மூன்றாவதை வாசலுக்கு எடுத்துப்போய் இரண்டு உதறு உதறினார். ஒன்றும் விழவில்லை.

"இதுலயும் இல்ல. தரையில எங்கயாவது கிடக்கும்."

வெள்ளைத்தாய் அந்த மூன்றாவது போர்வையை வாங்கித் தரையில் விரித்தாள்.

"அண்ணே, சீலிக்குக் கை கடுக்கும். பாப்பாவை இதுல படுக்க வையுங்க."

சவரிமுத்து ஆசையாகப் பேத்தியை வாங்கிக்கொண்டு குனிந்தார். போர்வைக்கு ஒரு சாண் மேலே அவர் கை நின்றுவிட்டது. குழந்தை காலை உதைத்து, கீழே தெரிந்த சிவப்புத் துண்டை எட்டப் பார்த்தது.

நிமிர்ந்தார். குழந்தையைச் சீலியிடமே கொடுத்தார். தரையில் உட்கார்ந்து, போர்வையின் முதல் மூலையில் கன்னத்தை வைத்தார்.

நீள நீளமான தையல்கள் கன்னத்தில் பட்டன. எல்லாம் அவர் போட்டவைதான். நாலாவது வரிசையில் சுருக்கென்றது.

ஊசியை மெல்ல இழுத்து எடுத்து, ஏழாவதாகத் துணிப்பந்தில் குத்தினார். சீலி முந்தானையால் அவர் கன்னத்து ரத்தத்தைத் துடைத்துவிட்டாள். பேத்தியின் போர்வையை வாங்கிக்கொண்டு, "சீக்கிரம் வீட்டுக்கு வாங்கப்பா" என்று கிளம்பினாள்.

அவள் போன பிறகும் சவரிமுத்து எழுந்திருக்கவில்லை. மூன்றாவது போர்வையை மடியில் போட்டு, நீளத் தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரம்மா, இது அங்க எந்தப் பிள்ளைக்குப் போகுது? பேரு தெரியுமா?"

"தெரியாதுண்ணே. தெரியிற வரைக்கும் உங்க பேத்தி பேரையே வச்சுக்கிடுங்க."

பிரித்தது போக மிச்சத்தை வீட்டில் பிரித்து நெருக்கமாகத் தைக்க, சவரிமுத்து போர்வையைத் தோளோடு அணைத்துக்கொண்டு நடந்தார்.